மரத்துக்கு முன்னால் வந்த நிழல்

வெயிலுகந்தகுடியில் பச்சைச் சங்கம் கோடை வேலைக்கு ஆள் எடுக்கத் தொடங்கிய ஒன்பதாவது பங்குனியில், பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நாகஜோதி நட்ட வேப்பங்கன்றுக்கு நான்காம் நாள் காலை நிழல் வந்தது. கன்றுக்கு உரிய சாண் நிழல் இல்லை; முப்பது வருடம் நின்று தழைத்த மரத்துக்கு உரிய நிழல், கிளை பிரிந்து, இலை அசைந்து, காலையில் மேற்கே தபால் பெட்டி வரைக்கும் நீண்டு, உச்சியில் வட்டமாகச் சுருங்கி, சாயங்காலம் கிழக்கே டீக்கடைப் படியில் ஏறிப் படுத்துக்கொண்டது. மரம் மட்டும் வரவில்லை. கன்று நாலு இலையோடு குழிக்குள் நின்றுகொண்டிருந்தது.

முதலில் பார்த்தவர் டீக்கடை ஜெயசீலன். பார்த்ததும் அவர் செய்த முதல் காரியம், பெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் அதற்குள் போட்டதுதான். இரண்டாவது காரியம், பால் பொங்குகிறதே என்று திரும்ப ஓடியது.

சங்கத்துக்கு நீளமான ஒரு பெயர் உண்டு, பதிவு எண்ணும் உண்டு. ஆனால் பங்குனிப் பாதியிலிருந்து வைகாசிக் கடைசி வரை சேலைக்கு மேல் பச்சை முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு பதினாலு பேர் கண்மாய்க்குள் இறங்கிப் பிளாஸ்டிக் பொறுக்குவதையும் சீமைக்கருவேலத்தை வேரோடு பறிப்பதையும் குழி தோண்டிக் கன்று நடுவதையும் பார்த்துப் பார்த்து ஊர் அதைப் பச்சைச் சங்கம் என்றே ஆக்கிவிட்டது. வயலில் வேலை இல்லாத, கண்மாயில் தண்ணீர் இல்லாத, வீட்டுக்குள் இருந்தாலும் வெளியே நின்றாலும் ஒரே மாதிரி வேகிற அந்த இரண்டரை மாதத்துக்குத்தான் வேலை. எல்லா ஊரிலும் மழைக்குக் கன்று நடுவார்கள். எங்கள் ஊரில் செயலாளர் சிக்கந்தர் சார் வெயிலுக்கு நடுவார். மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கம்பத்தின் மேல் நின்றே பாதி ஆயுளை வெயிலில் கழித்தவர், வெயிலை விட்டால் அவருக்கு வேறு அளவுகோல் தெரியாது. “மழையில யாரு வேணாலும் நட்டுட்டுப் போகலாம்மா, கத்திரியைத் தாண்டி நிக்கிறதுதான் நம்ம கன்னு” என்பார். நூறு நட்டால் அறுபது கருகும். மிச்ச நாற்பது பிறகு எதற்கும் சாகாது.

ஒவ்வொரு கன்றிலும் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய ஒரு தகரம் கம்பியில் தொங்கும். அதில் நட்டவர் பெயர் ஆணியால் குத்தியிருக்கும். நட்ட கைதான் தண்ணீர் ஊற்ற வேண்டும், நட்ட கைதான் பாத்தி கொத்த வேண்டும், தவறிப்போய்ப் பிடுங்க நேர்ந்தால் நட்ட கைதான் பிடுங்கவும் வேண்டும், மூன்று மழை பார்க்கும் வரை வேறு கை படக்கூடாது என்பது சங்கத்தின் சட்டம். அதனால் எங்கள் ஊரில் மரத்தைக் காட்டி ‘இது யார் நட்டது’ என்று கேட்க மாட்டார்கள். “இது யார் கை?” என்பார்கள். பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கும் புங்கை, செங்கமலம் கை. ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு நாவலும் செங்கமலம் கை. கண்மாய்க் கரை மேல் வரிசையாக நிற்கும் மருதத்தில் ஏறக்குறைய எல்லாம் செங்கமலம் கை.

செங்கமலத்துக்கு நாற்பத்துமூன்று வயது. எட்டுக் கோடை அந்தப் பச்சைச் சட்டையைப் போட்டவள். கோடை முடிந்து பதிமூன்று பேர் சட்டையைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனபின், நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ள ஒரே ஒருவரை மட்டும் வருடம் முழுக்கச் சங்கம் வைத்துக்கொள்ளும். அந்த இடத்தில் இருந்த பெரியவர் போன மார்கழியில் மகன் வீட்டுக்குத் திருச்சி போய்விட்டார். நாற்றங்கால் சாவி சிக்கந்தர் சாரின் சட்டைப் பையில் இருந்தது. அந்தச் சாவி தனக்குத்தான் என்று செங்கமலம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாகஜோதி அவள் ஓரகத்தி. கொழுந்தன் பெண்டாட்டி, இருபத்தொன்பது வயது, ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவள். புருஷன் திருப்பூருக்குப் போய்விட்டான், பிள்ளை இல்லை, பகல் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருந்தாள். “சும்மாதானே இருக்கா சார், நம்மகூட வந்து நிக்கட்டும்” என்று செங்கமலம்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ச் சங்கத்தில் சேர்த்துவிட்டாள். சட்டை பெரிதாக இருந்தது என்று அவள்தான் பொத்தானை மாற்றித் தைத்தும் கொடுத்தாள். இதைப் பிற்பாடு அவள் நினைக்காத நாள் இல்லை.

பஸ் நிறுத்தத்து வேம்புக்கு அடுத்து, கூட்டுறவுச் சங்கத்து முனையில் நாகஜோதி வைத்த வாகைக்கும் நிழல் வந்தது. அதற்கடுத்துச் சந்தைத் திடலில் வைத்த புளிக்கும் வந்தது. ஊர் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், புதிதாக ஒரு தெருக்குழாய் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி எடுத்துக்கொண்டது. பஸ் டிரைவர் பதினைந்து அடி முன்னாலேயே வண்டியை நிறுத்தினார். பூக்காரிகள் நிழலோடு நிழலாகக் காலையில் மேற்கேயும் மாலையில் கிழக்கேயும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். புளிய நிழலில் படுக்கலாமா கூடாதா என்று மட்டும் இரண்டு நாள் வாக்குவாதம் நடந்தது; பேய் மரத்தில் இருக்குமா நிழலில் இருக்குமா என்பது கேள்வி. “மரத்துல இருக்கிற பேயி மரம் இல்லாம எங்கிட்டுய்யா ஏறி உக்காரும்?” என்று யாரோ கேட்க, அதில் நியாயம் இருந்ததால், அன்று மதியமே ஆறு பேர் துண்டை விரித்துப் படுத்தார்கள்.

நிழலில் பறவைகளின் நிழலும் வந்து உட்கார்ந்தது. காக்கை நிழல் ஒன்று வந்து கிளை நிழல் மாறி உட்காரும், கழுத்தைச் சாய்க்கும், பறந்து போகும். மேலே பார்த்தால் வெறும் வானம். எச்சம் விழவில்லை. சருகு விழவில்லை. கம்பளிப்புழு இல்லை. கூட்ட வேண்டியதில்லை. ஒரு மாதத்துக்குள் ஊருக்கு இந்த நிழல்தான் நல்ல நிழல் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்து ஆயா செங்கமலத்தைப் பார்த்தால், “உன் புங்கை கொட்டுற குப்பையைக் கூட்டி என் இடுப்பே போச்சுத்தா. உன் ஓரகத்திகிட்ட சொல்லி இங்கனயும் ஒண்ணு வைக்கச் சொல்லேன்” என்றாள். வெற்றிலைத் தட்டோடு வந்து நாகஜோதியை வீட்டு வாசலுக்கு அழைத்தவர்கள் செங்கமலத்தின் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். ஒருவர் தவறி இவள் வாசலில் நின்றுவிட்டு, “அடடா, அடுத்த வீடா” என்று தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

வயிற்றெரிச்சல் என்பதை அதுவரை செங்கமலம் ஒரு சொல் என்றுதான் நினைத்திருந்தாள். அது ஓர் இடம் என்றும், தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே சற்று இடப்பக்கமாக இருக்கிறது என்றும், கஞ்சி குடித்தாலும் மோர் குடித்தாலும் அணையாது என்றும் அந்தக் கோடையில் கண்டுபிடித்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பதின்மூன்று பேரும் நாகஜோதியின் நிழலில் வட்டமாக உட்கார, அவள் மட்டும் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வெயிலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

“அக்கா, இங்கிட்டு வாங்கக்கா. சோறு காஞ்சுபோகும்.”

“எனக்கு நெழலு ஒத்துக்கிறாது. சளி பிடிக்கும்.”

“சித்திரையிலயா?”

“சித்திரையிலதான்.”

நாகஜோதி சிரிக்கவில்லை, மற்றவர்கள் சிரித்தார்கள். செங்கமலம் எண்ணிப் பார்த்தாள். ஒரே குழி ஆழம், ஒரே எரு, வேருக்குத் தண்ணீர் கசியப் பக்கத்தில் புதைத்த ஒரே குயவர் வீட்டு ஓட்டைப் பானை. தான் நட்டபோது மண்ணை மிதித்ததைப் போலத்தான் அவளும் மிதிக்கிறாள், தான் கற்றுக்கொடுத்ததுதான். ஒன்று மட்டும் வித்தியாசம்: நட்டு முடித்ததும் செங்கமலம் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பாள், நாகஜோதி திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். அன்றிலிருந்து செங்கமலமும் திரும்பிப் பார்க்காமல் போகப் பழகினாள். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் கன்றுக்குக் கீழே சாண் நிழல்தான் கிடந்தது, அதிலும் பாதி பானை விளிம்பில் விழுந்து வீணாகியிருந்தது.

சாவி விஷயம் இழுபறியாகிவிட்டது. கமிட்டியில் ஐந்து பேர். “செங்கமலம் எட்டு வருசம்” என்று இரண்டு பேரும், “நாகஜோதி கை” என்று இரண்டு பேரும் சொல்ல, சிக்கந்தர் சார் பையிலிருந்த சாவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரை பதினொன்றாம் தேதி ஊருக்குத் தெற்கே களத்து மேட்டுப் பக்கம் நட்டார்கள். நாகஜோதி ஒரு பூவரசு வைத்தாள். பதினைந்து அடி தள்ளி அடுத்த குழியில் செங்கமலம் ஒரு பூவரசு வைத்தாள். தகரம் மாட்டினார்கள். மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின், எதையோ மறந்து வைத்துவிட்டவள் போல செங்கமலம் திரும்பி வந்தாள், குனிந்தாள், இரண்டு கம்பியையும் அவிழ்த்தாள், இந்தத் தகரத்தை அதிலும் அந்தத் தகரத்தை இதிலும் மாட்டினாள். அடுத்த நிழல் என் பேரில் விழட்டும் என்பதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. களத்து மேட்டில் என்ன காய்கிறது என்பதையும் யோசிக்கவில்லை. எட்டு வருடம் குழி எடுத்தவள், நிழல் எந்தப் பக்கம் சாயும் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் கடப்பாரையைத் தூக்குவாள். அன்று பேரை மட்டும் பார்த்தாள்.

நான்காம் நாள் நிழல் வந்தது. நல்ல அகலமான, இதய இதயமாக இலை தெரிகிற பூவரசு நிழல். செய்தி ஊருக்குள் வருவதற்குள் பத்துப் பேர் தகரத்தைப் படித்துவிட்டார்கள்.

“செங்கமலம் கைக்கும் வந்துருச்சுப்பா.”

“வராம? எட்டு வருசக் கை.”

“ரெண்டு பேரும் ஒரே வீட்டுல வாக்கப்பட்டவுகதானே. அந்த வீட்டுத் தண்ணியில இருக்கும்யா.”

அன்று மதியம் செங்கமலம் முதன்முறையாக நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். நாகஜோதி எதிரே உட்கார்ந்து ஊறுகாயை நக்கிக்கொண்டே தகரத்தையும் பார்த்தாள், கன்றையும் பார்த்தாள். சிக்கந்தர் சார் சைக்கிளில் வந்து இறங்கி, நிழலை ஒரு சுற்றுச் சுற்றி, பையிலிருந்த சாவியை எடுத்து நீட்டினார். “கத்திரி முடியிற வரைக்கும் உன்கிட்ட இருக்கட்டும்மா. ரெண்டாயிரத்து நூறு நாத்து இருக்கு. கத்திரி தாண்டி அது பொழச்சுருச்சுண்டா சாவி உன்னோடதுதான், வருசம் பூரா.”

சாயங்காலம் வேலுமாணிக்கம் வந்தார். களத்து மேடு அவருடையது. இரண்டு ஏக்கர் முண்டு மிளகாயும் அங்கேதான் காய்ந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து வண்டி வேலையாகப் பரமக்குடி போயிருந்தவர், இறங்கி நேராகக் களத்துக்குப் போனார், பாதிக் களம் நிழலில் கிடப்பதைப் பார்த்தார், தகரத்தைப் படித்தார், சங்கத்து வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை, ஒரு மிளகாயை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“நாலு நாளு வெயிலு படலைண்டா இது வெளுத்துரும். யாவாரி சண்டு வத்தல்னு எடுத்து மூலையில கொட்டுவான். பாதிக் களம்மா. எங்க வீட்டுல இந்த வருசத்துக்கு அதான் இருக்கு. நெழலு நல்லதுதான், யாரு இல்லைங்கிறா. எம்மேல விழட்டும். வத்தல் மேல விழுகலாமா?”

“வத்தலை இங்கிட்டுத் தள்ளிப் போட்டா?” என்றார் சிக்கந்தர் சார்.

“காலையில மேக்க கிடக்கு, சாயந்தரம் கிழக்க கிடக்கு. நானும் என் பெண்டாட்டியும் ரெண்டு ஏக்கர் வத்தலைத் தூக்கிக்கிட்டு அதுகூட ஓட்டப்பந்தயமா ஓடுறது?”

பிடுங்கிவிடுவது என்று முடிவாயிற்று. நட்ட கைதான் பிடுங்க வேண்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஊர் பாதி களத்து மேட்டில் கூடியது. செங்கமலம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள், தன் பெயர் தொங்கிய கன்றைப் பிடித்தாள், இழுத்தாள். அது ஒரு முனகலும் இல்லாமல் வேரோடு, வேர் பிடித்த மண்ணோடு கையில் வந்தது.

நிழல் அப்படியே கிடந்தது.

வேலுமாணிக்கம் கன்றைப் பார்த்தார். களத்தைப் பார்த்தார். “வேரு வந்துருச்சு,” என்றார் மெதுவாக. “நெழலு எங்க வந்துச்சு?”

“கை மாறிப்போச்சோ?” என்றது கூட்டத்தில் ஒரு குரல். யார் என்று செங்கமலம் திரும்பிப் பார்க்கவில்லை. இடுப்பில் சொருகியிருந்த சாவி சூடாக இருந்தது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், தகரத்தை நான் மாற்றினேன் என்று, களம் வெளுக்காது. சாவியும் இருக்காது. அவள் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேரிலிருந்து மண் உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு மிளகாயும் இன்னொரு மிளகாயும் வெளுப்பதை அவளால் கேட்க முடிகிற மாதிரி இருந்தது. அப்போதும் சொல்லவில்லை.

நாகஜோதி கூட்டத்திலிருந்து வந்தாள். நிழலின் ஓரத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தரையில் உலர்த்திய சேலையின் முனையைத் தேடுகிறவள் போல விரல்களை உள்ளே விட்டாள், நெம்பினாள், நிமிர்ந்தாள். கையில் நிழலின் இரண்டு முனை இருந்தது. அடியில் மிளகாய் சிவப்பாக வெளிச்சத்துக்கு வந்தது.

“அக்கா, அந்தத் தலைப்பைப் பிடிங்க. ஒத்தை ஆளா மடிக்க முடியாது.”

செங்கமலம் கன்றைக் கீழே போட்டுவிட்டு எதிர் ஓரத்துக்குப் போனாள். குனிந்து தொட்டபோது கைக்கு நிழல் அகப்பட்டது, ஈரத்துண்டைப் போல, ஆனால் ஈரம் இல்லாமல். துவைத்த சேலையை இரண்டு பெண்கள் மடிப்பதைப் போல இருவரும் அதைத் தூக்கினார்கள், ஓர் உதறு உதறினார்கள், காக்கை நிழல் இரண்டு எழுந்து பறந்து போனது. முனையோடு முனை சேர்த்தார்கள். ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். நாகஜோதி தன் முனைகளை செங்கமலத்தின் கையில் கொடுத்து, கீழே தொங்கிய மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள், மறுபடியும் நடந்து வந்தாள். மூன்றாவது தரம் வந்து சேர்ந்தபோது இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

“தகரத்தை நீங்க மாத்துனது எனக்கு அன்னைக்கே தெரியும்,” என்றாள் நாகஜோதி, உதடு அசையாமல். கடைசி மடிப்பை அவள் கையில் வைத்துவிட்டு, கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஊர் அதை இப்படிப் புரிந்துகொண்டது: முப்பது அடி நிழலை ஒருத்தி பிடுங்க முடியுமா, மடிக்க ரெண்டு பேரு வேணும்ல. வேலுமாணிக்கம் இருவருக்கும் தலைக்கு ஒரு படி வற்றல் கொடுத்தார். செங்கமலம் மடித்த நிழலை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, அலமாரியில் பட்டுச்சேலைக்கு அடியில் வைத்தாள். “இந்த மூலை மட்டும் ஏன் சில்லுண்டு இருக்கு?” என்றான் அவள் புருஷன், அங்கேயே பாயை விரித்துக்கொண்டே. சாவி அவளிடம் இருந்தது. நிழல் அவளிடம் இருந்தது. தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே எரிவது மட்டும் நிற்கவில்லை. தெரிந்தும் சொல்லாமல் விட்டாளே என்பது அதில் புதிதாக ஒரு விறகைச் செருகியிருந்தது.

கத்திரி பிறந்த ஐந்தாம் நாள் பகலில் ஒரு சூறைக்காற்று வந்து நாற்றங்கால் மேலிருந்த பச்சை வலையைக் கிழித்துக் கண்மாய்க்குள் கொண்டுபோய்ப் போட்டது. மதுரையிலிருந்து புது வலை வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். பதினாலு வரிசை, ரெண்டாயிரத்து நூறு பாக்கெட் நாற்று, விரல் நீளம்தான் எல்லாம், தலைக்கு மேலே ஒன்றும் இல்லாமல் நின்றன. முதல் நாள் செங்கமலம் சாக்கைப் போட்டாள், பத்தவில்லை. இரண்டாம் நாள் தென்னங்கீற்று தேடினாள், அந்த வறட்சியில் ஊரில் பச்சைக் கீற்று இல்லை. மூன்றாம் நாள் இலைகள் ஓரத்தில் காகிதம் போலச் சுருள ஆரம்பித்தன. அவள் வீட்டுக்குப் போய் மஞ்சப்பையை எடுத்துவந்தாள்.

ஒரு முனையைத் தூணில் கட்டினாள். முடிச்சு நிற்கவில்லை, நிழல் தூணைச் சுற்றி வழுக்கி இறங்கியது. முனையில் கல்லை வைத்தாள். நிழல் கல்லுக்கு மேல் ஏறிக்கொண்டது. இன்னொரு வேலைக்காரியைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள், “எங்க இருக்கு பிடிக்கிறதுக்கு?” என்று அவள் காற்றைத் தடவினாள். செங்கமலம் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றால் மிச்சம் முழுக்க அவள் காலடியில் குவிந்து, எட்டு நாற்றின் மேல் மட்டும் கும்மென்று இருட்டாக விழுந்தது, மற்ற ரெண்டாயிரத்துத் தொண்ணூற்றிரண்டும் அவளைப் பார்த்துக்கொண்டே வாடின.

அவள் நிழலை அப்படியே போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து, தன் வாசலையும் கடந்து, அடுத்த வாசலில் போய் நின்றாள். நாகஜோதி குழாயடியில் பச்சைச் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்புள்ள.”

“சொல்லுங்கக்கா.”

“வா. அந்தத் தலைப்பைப் பிடி.”

நாகஜோதி சட்டையைப் பிழிந்தாள். உதறினாள். கொடியில் போட்டாள். “நாத்து போயிருச்சுண்டா சாவி போயிருமாக்கா?”

“போயிரும்.”

“எனக்கு வரும்.”

“வரும்.” சொல்லிவிட்டுச் செங்கமலம் வாசல்படியில் உட்கார்ந்தாள். “ஏன் அன்னைக்கே சொல்லலை நீ? ஊரு முன்னாடி சொல்லிருந்தா அப்பவே வந்துருக்கும்ல.”

“சொல்லிருந்தா வத்தக் களத்துல விழுந்த நெழலு என் பேருல விழுந்துருக்கும். வேலுமாணிக்கம் மாமா என் வாசல்ல வந்து நின்னுருப்பாரு. நான் எதுக்குச் சொல்றேன்?” நாகஜோதி வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். “இன்னொண்ணும் இருக்கு. அதையும் கேட்டுக்கங்க. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, என் பேரு தொங்குன உங்க கன்னுக்குத் தண்ணி ஊத்தணும்னு இருந்துச்சு. ஊத்துனேன்.”

“அதுல என்ன கிடக்கு?”

“என் கன்னு ஒண்ணாவது வளந்துருக்கா, பாத்தீங்களா? நாப்பது வச்சுருக்கேன். நாப்பதும் நாலு இலையில நிக்கிது. அதுஅது நெழலு அதுஅது தலையிலயே விழுகுது, வெயிலு படலை, எப்படி வளரும்? நீங்க வச்சதுல காக்கா கூடு கட்டிருக்கு. என்னதுல காக்கா நெழலுதான் வருது. உங்க புங்கை சருகு கொட்டுதுண்டு அந்த ஆயா திட்டுறப்பல்லாம் எனக்கு இங்கன எரியும்.” அவள் தொட்டுக் காட்டிய இடம் தொப்புளுக்கு இரண்டு விரல் மேலே, சற்று இடப்பக்கமாக இருந்தது.

செங்கமலம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. தனக்கு மட்டும் என்று நினைத்திருந்த இடத்திலும் இவள் வந்து உட்கார்ந்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

“எந்திரி,” என்றாள். “பேசுனா நாத்து பொழைக்காது.”

அன்று முதல் வலை வரும் வரை எட்டு நாள், காலை பத்து மணியிலிருந்து நாலரை வரைக்கும், நாற்றங்காலின் கிழக்கு முனையில் செங்கமலமும் மேற்கு முனையில் நாகஜோதியும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. ஜெயசீலன் பதினொரு மணிக்கு டீ கொடுத்துவிட்டார். கை ஒழியாததால் யாராவது வாயில் ஊற்றிவிட்டார்கள். சோற்றை உருட்டி ஊட்டிவிட முறை போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்டிவிடவும் ஆள் இருந்தது. சிக்கந்தர் சார் மட்டும் தகரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் யார் பெயரைக் குத்துவது என்று கேட்டு, இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பக்கம் பார்த்ததும், அதைப் பையில் போட்டுக்கொண்டார். நாற்று பிழைத்தது, வருடம் முழுக்க வேலை செங்கமலத்துக்குத்தான் கிடைத்தது, அடுத்த கோடைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் முதல் பெயராக நாகஜோதியை எழுதியதும் அவள்தான், எழுதும்போது பேனா நிப்பு காகிதத்தைக் கிழித்ததும் உண்மைதான். ஆனால் ஊரில் அதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பேசுவது முதல் நாளைப் பற்றித்தான்.

ஏனென்றால் முதல் நாள் விரித்தபோது நிழல் பத்தவில்லை. முப்பது அடிப் பூவரசு நிழல். நாற்றங்காலோ முப்பத்தைந்து அடி. செங்கமலத்தின் பக்கம் இரண்டு வரிசை வெயிலில் நின்றது. அவள் தன் பக்கம் ஓர் இழுப்பு இழுத்தாள். மேற்கே இரண்டு வரிசை வெளியே வந்தது. நாகஜோதி காலை அகட்டி ஊன்றித் தன் பக்கம் இழுத்தாள். செங்கமலம் சேலையைச் செருகிக்கொண்டு இழுத்தாள். நாகஜோதி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். பூவரசு இலைகளின் நிழல் இதயம் இதயமாக இருந்தது நீண்டு, வெற்றிலையாகி, மாவிலையாகி, இடையிடையே வெளிச்சம் பொடிப்பொடியாக இறங்க, நாற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வெளிச்சம் மட்டும் இறங்க, ஒரு வரிசை உள்ளே வந்தது, இன்னொரு வரிசை உள்ளே வந்தது. இருவருக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. பதினாலாவது வரிசையின் கடைசிப் பாக்கெட் மேலும் நிழல் ஏறியது.

“போதும்க்கா. விடுறீங்களா?”

“நீ முதல்ல விடு.”

பொழுது இறங்கும் வரை இருவரும் விடவில்லை.